ரெண்டு மில்லிமீட்டர் காத்துக்குள்ள என்ன நடக்குது

(பினாங்குல மாணவர்களுக்குப் பேசினதோட எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். இஞ்சினியரிங் படிக்கிற தம்பி தங்கச்சிங்களோட பெத்தவங்களும் வந்திருக்கீங்க, அதனால சூத்திரம் ஒண்ணே ஒண்ணுதான்.

வீட்டு சீலிங் ஃபேன் அவ்ளோ வேகமா சுத்துது, ஆனா றெக்கையில தூசி போகாம அப்பிக்கிட்டே இருக்கு, பாத்திருக்கீங்கல்ல? ஏன்னா றெக்கையைத் தொடுற காத்து வழுக்காது, றெக்கையோடவே ஒட்டிப் போகும். அதுலேர்ந்து வெலக வெலகத்தான் வெளிக்காத்தோட வேகத்துக்கு மாறும். அப்படி மாறுற மெல்லிசான பகுதிதான் பவுண்டரி லேயர், எல்லைப் படலம்.

எவ்ளோ மெல்லிசு? நம்ம பினாங்கு பாலத்துல மணிக்கு 72 கிலோமீட்டர்ல போற லோரி மேல வழவழப்பான ஒரு தட்டைத் தகட்டைக் காத்துக்கு விளிம்பு காட்டி வச்சா, முன்விளிம்புலேர்ந்து 30 சென்டிமீட்டர் தள்ளி படலத்தோட கனம் ரெண்டரை மில்லிமீட்டர்கூட வராது. தூரத்தை 5ஆல பெருக்கி ரெனால்ட்ஸ் நம்பரோட (ஓட்டத்தோட வேகம் பிசுபிசுப்பைவிட எவ்ளோ ஓங்கியிருக்குன்னு சொல்ற எண்) வர்க்கமூலத்தால வகுத்தா வர்ற கணக்கு இது, இந்தப் படலத்தைப் பத்தி முதல்ல சொன்ன பிராண்டலோட மாணவர் பிளாசியஸ் 1908ல குடுத்தது. காத்து சீரா, கலங்காம ஓடுறவரைக்கும்தான் இது செல்லும்.

இத்துனூண்டு படலம் ஏன் முக்கியம்னா, 1752லயே டி அலம்பேர்ங்கிற பிரெஞ்சு கணித மேதை கணக்குப் போட்டு, உராய்வே இல்லாத திரவத்துல ஒரே வேகத்துல போற பொருளுக்கு எதிர்ப்பே இருக்காதுன்னு காட்டிட்டாரு, ஆனா ஆத்துல கை விட்டாலே இழுக்குதே! காத்துக்கும் தண்ணிக்கும் விஸ்காசிட்டி, அதாவது பிசுபிசுப்பு, ரொம்ப கம்மி, அதை விட்டுட்டா விடை தப்பு, முழுசா சேத்தா சமன்பாடு அசையவே மாட்டேங்குது. நூத்தம்பது வருசம் இந்த இழுபறி. 1904ல ஹைடல்பர்க் கணித மாநாட்டுல 29 வயசு லுட்விக் பிராண்டல் எழுந்து, விஸ்காசிட்டியைப் பரப்பு ஓரமா மட்டும் கணக்குல எடுங்க, வெளிய விட்டுடுங்கன்னாரு. எனக்கு இதைவிட அழகான யோசனை இந்தத் துறையிலேயே கெடையாது.

இப்பதான் முக்கியமான எடம். காத்துல பறக்குற ஒரு பந்தை எடுத்துக்குங்க. அதோட பின்பக்கம் போகப் போக அழுத்தம் ஏறுது, பரப்பு ஓரத்துல ஏற்கனவே சோர்ந்து வர்ற காத்தால அதை எதிர்த்துப் போக முடியாது, நின்னு, திரும்பி, பரப்பை விட்டுப் பிரிஞ்சிடும். பிரிஞ்சா பின்னாடி அகலமான சுழல், அங்க அழுத்தம் கம்மி, அதான் பந்தைப் பின்னாடி இழுக்குது. விமான எறக்கை ஸ்டால் ஆகுறதும், அதாவது தூக்குற சக்தியை திடீர்னு எழக்குறதும், இதே பிரிவாலதான்.

1914ல பிராண்டல் ஒரு வழவழப்பான உருண்டையோட முன்பக்கத்துல மெல்லிய கம்பி வளையத்தைச் சுத்தினாரு, டிராக், அதாவது பின்னாடி இழுக்குற எதிர்ப்பு, கொறஞ்சுடுச்சு! கம்பி படலத்தைக் கலக்கிவிடுது, வெளியில வேகமா ஓடுற காத்து உள்ள வந்து ஓரத்துக்குத் தெம்பு குடுக்குது, பிரிவு தள்ளிப்போகுது, சுழல் ஒடுங்குது. பரப்பு உராய்வு கூடத்தான் செய்யும், ஆனா சுழல்ல மிச்சமாகுறது அதைவிடப் பெருசு. கோல்ஃப் பந்துல குழி போடுறதும் இதுக்குத்தான். தட்டையான பலகையில குழி போட்டா இந்த லாபம் கெடைக்காது, அங்க பிரியறதுக்கே ஒண்ணும் இல்ல, உராய்வு மட்டும்தான் கூடும்.