மூன்று சுரம் போதும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, புதுவைப் பெருமக்களே, வணக்கம்.

1970 பிப்ரவரி 13 அன்று, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்து ராக் இசைக்குழுவான பிளாக் சப்பாத் தன் பெயரிலேயே முதல் ஆல்பத்தை வெளியிட்டது. ஹெவி மெட்டல் என்கிற கனத்த, ஓங்கி ஒலிக்கும் ராக் இசை அங்கேதான் பிறந்தது என்று உலகம் கொண்டாடுகிறதே, அந்தப் பெருமை தகுமா? தகும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

"ஒரே நாளில் அள்ளித் தெளித்த கோலம். மூன்று சுரத்தை வைத்துக்கொண்டு முதல் பாட்டை ஓட்டிவிட்டார்கள்" என்றார் எனக்கு முன் பேசிய நண்பர். ஒரே நாள் என்பது உண்மைதான். 1969 அக்டோபர் 16, லண்டனில் பதிந்தார்கள். ஆனால் கிளப் கிளப்பாக வாசித்துக் கைக்குள் வந்துவிட்ட பாட்டுகள் அவை. மூன்று மணி நேரக் கச்சேரியை ஒரே மூச்சில் முடித்த வித்வானிடம் போய், ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்போமா?

சரி, அந்த மூன்று சுரத்துக்கு வருகிறேன். முதல் பாட்டு தொடங்கும்போது மழை பெய்கிறது. தூரத்தில் தேவாலய மணி. திடீரென்று கிதார். நம் கணக்கில் ச, மேல் ச, அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்திமம், அதாவது பஞ்சமத்துக்குச் சற்றே கீழே நிற்கும் ம. அவ்வளவே! கல்யாணி ராகத்திலும் இதே பிரதி மத்திமம் உண்டு, கேட்டால் மனம் குளிரும். அங்கே பஞ்சமம் அதைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகும். இங்கே பஞ்சமத்தில் போய் உட்கார விடாமல், பாதி வழியிலேயே நடுங்க விட்டிருக்கிறார்கள். இந்த இடைவெளிக்கு ஐரோப்பாவின் பழைய இசையாசிரியர்கள் 'இசையில் சாத்தான்' என்றே பெயர் வைத்தார்கள். புளூ சியர், லெட் செப்பெலின் போன்ற ராக் குழுக்கள் எல்லாம் இவர்களுக்கு முன்பே ஓங்கி அடித்தவர்கள்தான், மறுக்கவில்லை. அதில் சத்தம் இருந்தது. அடிவயிற்றைப் பிசையும் பயம் இந்த ஆல்பத்தோடுதான் வந்தது.

அந்தக் கனம் எங்கிருந்து வந்தது? நான் மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. முதலியார்பேட்டையில் எங்களுக்கு மில் சங்குதான் கடிகாரம். அதனால் பர்மிங்ஹாம் எனக்கு அந்நிய ஊராகவே தெரியவில்லை. அங்கே தகட்டுப் பட்டறையில், குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமியின் வலது கையில், அவருக்கு 17 வயதாக இருந்தபோது, இரண்டு விரல் நுனிகளை மெஷின் வெட்டிவிட்டது. அவரோ இடதுகைக்காரர், தந்தியை அழுத்துகிற கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்தார், அதன்மேல் பதனிட்ட தோலை ஒட்டினார், மெல்லிய தந்தி மாட்டி மறுபடி வாசித்தார். பாடிய ஆசி ஆஸ்போர்ன் கார் ஹார்ன்களுக்குச் சுருதி பார்த்தவர், கசாப்புக் கூடத்தில் வேலை செய்தவர். 'ஹெவி' என்கிற அந்தக் கனம் இவர்கள் தேடிப்பிடித்த பாணி இல்லை நடுவர் அவர்களே, வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது உடம்போடு கூட வந்தது.

இரண்டாம் பக்கத்தில் நீண்டுகொண்டே போகும் கிதார் தனி எனக்கும் அலுப்புத்தான். இரண்டு பாட்டுகள் வேறு குழுக்களுடையவை என்பதும் சரி. அதற்காக முதல் பாட்டைத் தள்ளிவிட முடியுமா?

ஓர் ஐப்பசி ராத்திரி அதை முதன்முதலில் கேட்டேன். வெளியில் பெய்கிற மழை எது, பாட்டில் பெய்கிற மழை எது என்று தெரியவில்லை. பயந்து நிறுத்தினேன். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, முதலிலிருந்து மறுபடி போட்டேன். தீர்ப்பு எழுதும் முன் நீங்களும் விளக்கை அணைத்துவிட்டு அந்த ஆறு நிமிடத்தைக் கேளுங்கள், ஐயா.