பதினைந்தாயிரம் சொல்லுக்குள் அடங்கும் கேள்வி

நேயர்களுக்கு வணக்கம்.

ஹானர்ஸ் என்ற சொல்லை வைத்து நம் வீடுகளில் ஓயாத குழப்பம் ஒன்று உண்டு. இலங்கையில் கலைப்பீடத்தில் படித்தவர்களுக்கு அது நான்கு வருடச் சிறப்புப் பட்டம். சென்னைப் பெரியவர்களுக்கு அந்தக் காலத்து பி.ஏ. ஆனர்ஸ். இங்கிலாந்தில் அது மூன்று வருடப் பட்டத்தோடு சேர்ந்தே வரும் ஒரு தரம். இந்தியாவிலோ 2020 கல்விக் கொள்கைக்குப் பிறகு நான்காம் ஆண்டு ஹானர்ஸ் வந்திருக்கிறது. அதை ஆய்வோடு சேர்த்துச் செய்ய முதல் ஆறு பருவங்களில் 75 சதவீதம் வேண்டும். இவற்றில் எதுவும் இன்றைய பேச்சில் இல்லை. ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் மூன்று வருட பி.ஏ. முடித்தபின் தனியாக விண்ணப்பித்துச் சேருகிற அந்த ஒற்றை வருடம் பற்றித்தான் பேசப்போகிறேன். பொறியியல் பட்டத்தின் பெயரிலேயே வரும் ஹானர்ஸும் வேறு சங்கதி.

இந்த வருடத்தில் இரண்டு வேலைகள். ஒன்று ஆய்வேடு. துறையையும் பல்கலைக்கழகத்தையும் பொறுத்து 15,000 சொல், சில இடங்களில் 18,000 முதல் 20,000 வரை. மற்றது கருத்தரங்கு வகுப்புகள். முழுநேரமாகப் படித்தால் ஒரு வருடம், பகுதிநேரம் என்றால் இரண்டு. சேர்வதற்கு உங்கள் முதன்மைப் பாடத்தில் சராசரி 65 அல்லது 70 கேட்பார்கள். இடத்துக்கு இடம் மாறும் என்பதால் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதற்காக இதைப் படிப்பது என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். பள்ளி ஆசிரியராவதற்கு இது தேவையில்லை, அதற்கு ஆசிரியர் பயிற்சி முதுகலை இருக்கிறது. அரசாங்க வேலைக்கும் கட்டாயமில்லை. இது முதன்மையாக முனைவர் பட்டத்துக்கான வாசல். 2017 முதல் நடப்பில் இருக்கும் ஆஸ்திரேலிய மத்திய அரசின் ஆய்வுப் பயிற்சித் திட்டத்தில் உதவித்தொகை பெறப் போட்டியிடுகிறவர்களில் பெரும்பாலோர் முதல் வகுப்பு ஹானர்ஸ் வைத்திருப்பார்கள். முதல் வகுப்பு என்றால் 80 மதிப்பெண்ணும் அதற்கு மேலும். அதற்குக் கீழே உள்ள வகுப்புகளின் எல்லை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆய்வேட்டுக்குப் பாதி, கருத்தரங்கு வகுப்புகளுக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். ஆய்வேட்டில் 82, வகுப்புகளில் 76 என்றால் சராசரி 79. இரண்டாம் வகுப்பு. அதே 82-ஓடு வகுப்புகளில் 78 எடுத்திருந்தால் 80. முதல் வகுப்பு கைநழுவிப் போகிற இடம் பல சமயம் இதுதான். ஆய்வேட்டிலேயே மூழ்கிக் கிடந்து, மே மாதக் கட்டுரைகளை இரண்டு நாளில் எழுதிக் கொடுப்பார்கள். அந்த இரண்டு புள்ளியை ஆய்வேட்டில் ஈடுகட்ட வேண்டுமானால் 82 போதாது, 84 எடுக்க வேண்டும். அது லேசுப்பட்ட காரியமல்ல.

பணம். உள்நாட்டு மாணவர்களில் குடியுரிமை உள்ளவர்கள் கட்டணத்தை ஹெக்ஸ் என்ற அரசாங்கக் கல்விக் கடனில் போட்டுவிடலாம். ஆனால் 2021-ல் கட்டண முறை மாறியபோது வரலாறு, தத்துவம், சமூகவியல் போன்றவற்றுக்கு மாணவர் பங்கு வருடம் 14,500 டாலர் ஆனது. அதன்பிறகு விலைவாசியோடு ஏறிக்கொண்டே போகிறது. மொழிகளும் ஆங்கில இலக்கியமும் மட்டும் மலிவான வரிசையில் நின்றன. ஆக ஒரே கட்டடத்தில் பக்கத்துப் பக்கத்து அறையில் உட்காருகிறவர்களுக்குக் கடன் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசப்படும். விலக வேண்டுமானால், சென்சஸ் தேதி என்று சொல்லப்படும் கெடு நாளுக்குள் விலகிவிடுங்கள். முதல் பருவத்துக்கு அது பெரும்பாலும் மார்ச் கடைசியில் வரும். அதற்குள் விலகினால் அந்தப் பருவத்துக் கடன் ஏறாது, ஒரு நாள் பிந்தினாலும் முழுக் கடனும் தலையில்.

இனித் தலைப்புக்கு வருகிறேன். ஹானர்ஸ் வருடம் கெடுவது சோம்பலால் என்பதைவிட, கேள்வி பெரிதாக இருப்பதால்தான். பிப்ரவரியில் வகுப்பு தொடங்கும், அக்டோபர் நடுவிலோ நவம்பர் தொடக்கத்திலோ ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். இடையில் இருப்பது எட்டு மாதம். "ஆஸ்திரேலியாவில் ஆசியக் குடியேற்றம்" என்று ஒருவர் வந்தால் அது ஒருவரின் ஆயுள் வேலை. அதை எப்படிச் சுருக்குவது என்று ஓர் உதாரணத்தில் காட்டுகிறேன்.

வெள்ளையரல்லாதவர்களைக் குடியேறவிடாமல் தடுத்த வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கையின் அடித்தளம் 1901-ஆம் ஆண்டின் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம். ஐரோப்பிய மொழி ஒன்றில் ஐம்பது சொல்லைச் சொல்லி எழுதச் சொல்வார்கள், தவறினால் உள்ளே விடமாட்டார்கள். இந்த மொழித் தேர்வு 1958-ல்தான் ஒழிந்தது. இங்கே ஏற்கெனவே வாழ்ந்த வெள்ளையரல்லாதவர்கள் ஊருக்குப் போய்த் திரும்பி வரவேண்டுமானால், புறப்படும் முன்பே தேர்விலிருந்து விலக்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். சான்றிதழ் இரண்டு பிரதி: ஒன்று பயணியிடம், மற்றது சுங்க அலுவலகத்தில். திரும்பி வரும்போது இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தாளில் பெயர், தேசியம், பிறந்த இடம், வயது, உயரம், உடற்கட்டு, கண் நிறம், உடலில் உள்ள அடையாளம் எல்லாம் இருக்கும். நேராக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக இரண்டு புகைப்படம். பின்பக்கம் திருப்பினால் கறுப்பு மையில் பதித்த கை.

சிட்னித் துறைமுகத்துச் சான்றிதழ்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் எஸ்டி84/1 என்ற வரிசையில் இருக்கின்றன. இப்போது கேள்வியைச் செதுக்கலாம். நாடு முழுக்க வேண்டாம், சிட்னி போதும். ஐம்பத்தேழு வருடம் வேண்டாம், 1910 முதல் 1919 வரை பத்து வருடம். எல்லா இனத்தவரும் வேண்டாம், பிறந்த இடம் இலங்கை என்று பதிவானவர்கள் மட்டும். "தேசியம் என்ற கோட்டில் அதிகாரி என்ன எழுதினார்? தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அந்தக் கோட்டில் எந்தப் பெயரில் அடைபட்டார்கள்?" இது எட்டு மாதத்துக்குள் பதில் தேடக்கூடிய கேள்வி. சில டஜன் தாள் அகப்பட்டால் போதும், வேலையைத் தொடங்கலாம். ஐந்தே தாள்தான் என்றால் வருடங்களை நீட்டுங்கள், முந்நூறு வந்தால் குறையுங்கள். இந்த எண்ணிக்கையை மார்ச்சிலேயே பார்த்துவிட வேண்டும், ஜூலையில் அல்ல.

தேடும்போது அந்தக் காலத்துச் சொல்லால் தேடுங்கள். தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்துப் பழைய பத்திரிகைகளில் "தமிழ்" என்று தட்டினால் அதிகம் வராது. இலங்கையர் யாராக இருந்தாலும் பெரும்பாலும் "சிங்கலீஸ்" என்றுதான் எழுதுவார்கள், அதுவும் முதலெழுத்து எஸ் அல்ல, சி. தென்னிந்தியர் "மலபார்" ஆகவோ "ஹிந்து" ஆகவோ இருப்பார், இந்துவின் எழுத்துக்கூட்டலும் பழையது. எந்திரம் படித்த எழுத்து என்பதால் பிழையும் நிறைய. தவிர, ட்ரோவில் பத்திரிகைகள் பெரும்பாலும் 1954-ஓடு நின்றுவிடும். எழுபதுகளைப் பற்றி எழுத நினைத்து முழுக்க ட்ரோவை நம்பினால் மே மாதம் கையைப் பிசைய வேண்டியிருக்கும்.

காப்பகத்தின் கோப்புகள் இருபது வருடம் கடந்தால் பார்வைக்கு உரியவை. ஆனால் "இன்னும் பரிசீலிக்கப்படவில்லை" என்று குறித்திருக்கும் கோப்பைக் கேட்டால், பதில் தரச் சட்டம் கொடுக்கும் அவகாசம் 90 வேலை நாள். நாலு மாதத்துக்கும் மேல். பிப்ரவரியில் கேட்டாலே ஜூன், ஜூலை ஆகிவிடும். ஆகவே அப்படிப்பட்ட கோப்பு கையில் வராவிட்டாலும் ஆய்வேடு நிற்கும்படி திட்டமிடுங்கள்.

உயிரோடிருக்கும் மனிதர்களைப் பேட்டி எடுப்பது இன்னொரு பொறி. நம் பிள்ளைகளில் பலருக்கு அகதிகளாக வந்தவர்களின் கதையைப் பதிவு செய்யும் ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் பேட்டிக்கு முன் பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழு அனுமதி தர வேண்டும். விளக்கத் தாள், ஒப்புதல் படிவம், கேள்விப் பட்டியல், ஒலிப்பதிவை எங்கே எத்தனை காலம் வைப்பீர்கள் என்ற விவரம், பேசுகிறவர் மனமுடைந்து அழுதால் என்ன செய்வீர்கள் என்ற பதில், எல்லாம் எழுத வேண்டும். தாள்கள் தமிழிலும் வேண்டும். போர், சித்திரவதை, தடுப்பு முகாம் என்று வந்தால் அது குறைந்த ஆபத்து என்ற எளிய பாதையில் போகாது, முழுக் குழுவுக்குப் போகும். திருத்தம் கேட்டுத் திரும்பி வந்து மறுபடி போய் இரண்டு மூன்று மாதம் கரையும். அனுமதிக்கு முன் எடுத்த பேட்டியைப் பிறகு அனுமதி வாங்கி நேராக்கவும் முடியாது. ஹானர்ஸில் இதை விட்டுவிட்டு முனைவர் பட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கட்சி. ஏற்கெனவே வெளியான நேர்காணல்களை வைத்து எழுதலாம், அதற்குப் பெரும்பாலும் இந்தச் சுற்று இல்லை.

தமிழ் மூலங்களைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு, வகுப்பில் வேறு யாருக்கும் கிடைக்காத சான்று உங்கள் கையில். 2005-ல் தொடங்கிய "நூலகம்" என்ற இணையதளத்தில் ஈழத்துப் பத்திரிகைகளும் மலர்களும் வீட்டிலிருந்தே கிடைக்கும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதியும் கேட்கலாம். ஆனால் ஆய்வை வழிநடத்தும் சூப்பர்வைசருக்கும் தேர்வாளருக்கும் பெரும்பாலும் தமிழ் தெரியாது. மேற்கோளை நீங்களே மொழிபெயர்த்து உள்ளே போட்டு, மூலத்தைப் பின்னிணைப்பில் தர வேண்டும். பின்னிணைப்பு சொல் கணக்கில் சேருமா என்று முன்கூட்டியே கேளுங்கள். "வந்திருக்கமாட்டார்களாம்" என்பது நமக்கு ஒரு சொல், ஆங்கிலத்தில் ஏழெட்டு. பதினைந்தாயிரத்தில் அது விரைவாகத் தின்றுவிடும். ல, ள, ழ மூன்றையும் ஆங்கில எழுத்தில் எப்படி வேறுபடுத்துவது என்று முதல் வாரத்திலேயே ஒரு முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் நூறு அடிக்குறிப்பைத் திருத்துவது நரகம்.

எழுதும் கணக்கு எளிது. முன்னுரை 2,000, இயல் ஒவ்வொன்றும் 4,000 வீதம் மூன்று, முடிவுரை 1,000. முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். ஜூன் முடிவதற்குள் ஓர் இயலாவது முழு வாக்கியங்களில் இருக்க வேண்டும், குறிப்புகளாக அல்ல. "இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு எழுதுகிறேன்" என்பவர் செப்டம்பரிலும் படித்துக்கொண்டுதான் இருப்பார். முழு வரைவு செப்டம்பர் கடைசியில் சூப்பர்வைசர் கையில் இருந்தால், அவர் படிக்க இரண்டு வாரம், நீங்கள் திருத்த மிச்ச நாள். பெரும்பாலான இடங்களில் மதிப்பெண் போடுவது அவரல்ல, வேறு இருவர். ஆகவே அவருக்குப் புரிந்தால் போதும் என்று எழுதக்கூடாது. தலைப்பைப் பற்றி ஒன்றும் தெரியாத, ஆனால் துறை தெரிந்த ஒருவருக்காக எழுதுங்கள்.

இப்போது மூன்றாம் ஆண்டில் இருப்பவர்களுக்கு வேலை செப்டம்பரிலேயே தொடங்குகிறது, விண்ணப்பம் பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில் முடிந்துவிடும். அதற்குள் ஒரு சூப்பர்வைசர் சம்மதிக்க வேண்டும். அவருக்கு எழுதும் மின்னஞ்சல் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்: உங்கள் கேள்வி இரண்டு வாக்கியத்தில், எந்தச் சான்றுகள், அவை எங்கே இருக்கின்றன, அவற்றில் எதையாவது திறந்து பார்த்தீர்களா, அவருடைய வகுப்பில் நீங்கள் எழுதிய கட்டுரை ஒன்று இணைப்பில். அடுத்த வருடம் எந்தப் பருவத்திலாவது ஆய்வு விடுப்பில் போகிறாரா என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள். ஜூலையில் அவர் வெளிநாடு போய்விட்டால், புதிதாக வருகிறவர் உங்கள் இரண்டாம் இயலை முதல் தடவையாகப் படிப்பார்.

நன்றி, வணக்கம்.