கறி தண்ணி விட்டு வத்தட்டும்: ஞாயித்துக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பு

வணக்கம், வாங்க வாங்க. மணி ஏழரை ஆகுது, கறி வாங்கிட்டு இப்பத்தான் வீட்டுக்குள்ள நுழையுறேன். எங்க மதுரையில ஞாயித்துக்கிழமை கறிக்கடைக்கு ஆறு, ஆறரைக்கே போயிரணும். நேரமாச்சுன்னா நம்ம கேக்குற இடத்துக் கறி கிடைக்காது.

இது வெள்ளாட்டுக் கறி, ஒரு கிலோ. முன்னந்தொடையில முக்கால் கிலோ, நெஞ்செலும்பு கால் கிலோ. ரெண்டு நல்லியும் கொஞ்சம் கொழுப்பும் கேட்டு வாங்குனேன். இங்க பாருங்க, கேமராவக் கிட்டக் கொண்டு வர்றேன். கறி இளஞ்சிவப்பா இருக்கா? நெஞ்செலும்பு மெலிசா இருக்கா? இது இளங்குட்டி. முத்துன ஆடுன்னா கறி கருஞ்சிவப்பா இருக்கும், எலும்பும் தடியா இருக்கும். வெறும் தனிக்கறியா வாங்கிராதீங்க, அது சுக்காவுக்கு ஆகும். குழம்புக்கு எலும்பு வேணும். எலும்பச் சுத்தி ஒட்டிக்கிட்டு இருக்குற ஜவ்வு இருக்குல்ல, அது வெந்து கரைஞ்சாத்தான் குழம்பு விரல்ல ஒட்டும்.

மூணு தண்ணி அலசிட்டேன். ஊறல்லாம் போட வேண்டாம். மஞ்சத்தூள் அரை ஸ்பூன் பிசறி ஓரமா வச்சுருவோம்.

இப்ப மசாலா. மல்லி நாலு டேபிள் ஸ்பூன். வெறும் சட்டியில, சின்னத் தீயில, மணம் வர்ற வரைக்கும். இத எடுத்துட்டுத்தான் அடுத்தது போடணும். எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டி வறுத்தா மல்லி சூடாகுறதுக்குள்ள சீரகம் கருகிரும், குழம்பு பூரா கசப்பு ஏறிரும். மிளகாய் வத்தல் பன்னெண்டு, கொஞ்சம் எண்ணெய் விட்டு. மிளகு ஒரு டேபிள் ஸ்பூன். அது கூடவே சீரகம் ஒண்ணு, சோம்பு ஒண்ணு, பட்டை ரெண்டு துண்டு, கிராம்பு நாலு, ஏலக்காய் ரெண்டு, கல்பாசி ஒரு கிள்ளு. கடைசியா அடுப்ப அணைச்சுட்டு அந்தச் சூட்டுலயே ஒரு ஸ்பூன் கசகசா.

மிளகு ஏன் இம்புட்டுன்னு தோணலாம். ஆட்டுக்கறிக்கு மிளகோட காரம்தான் முதல் சொந்தம். வத்தல் நம்ம ஊருக்கு வந்தே ஐநூறு வருஷத்துக்குள்ளதான், போர்ச்சுக்கீசியர் கப்பல்ல வந்தது. அதுக்கு முன்னாடி காரம்னா மிளகுதான். மிளகாய்ங்கிற பேருக்குள்ளயே மிளகு உக்காந்திருக்கு பாருங்க. வத்தல் நிறத்துக்கும் நாக்குக் காரத்துக்கும். தொண்டைக்குள்ள இறங்குற இதமான காரம் மிளகு குடுக்குறது.

ஆறினதும் கொஞ்சம் தண்ணி தெளிச்சு மையா அரைச்சாச்சு. அரை மூடித் தேங்காயத் தனியா அரைச்சு வச்சிருக்கேன். ரெண்டையும் சேத்து அரைக்காதீங்க, காரணம் பின்னாடி சொல்றேன்.

குக்கர அடுப்புல வச்சாச்சு, மூடி இப்போதைக்கு வேண்டாம். நல்லெண்ணெய் அஞ்சு டேபிள் ஸ்பூன், அதுல அந்தக் கொழுப்புத் துண்ட முதல்ல போட்டு உருக விடுங்க. பட்டை, பிரிஞ்சி இலை, கொஞ்சம் சோம்பு. சின்ன வெங்காயம் கால் கிலோ, ஒண்ணு ரெண்டா நறுக்குனது. கறிவேப்பிலை ரெண்டு கொத்து. வெங்காயம் பொன்னிறமானதும் இஞ்சியும் பூண்டும். ரெண்டு அங்குல இஞ்சி, பதினஞ்சு பல் பூண்டு, உரல்ல இப்பத் தட்டுனது. பச்ச வாடை போகணும்.

இப்பக் கறியப் போடுறேன், கல்லுப்பும் போட்டாச்சு. இனிமே நடக்குறதுக்காகத்தாங்க இந்த வீடியோவே எடுக்குறேன். தயவுசெஞ்சு தள்ளி விடாமப் பாருங்க.

பாருங்க, அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு, நான் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல. அடியில எவ்வளவு தண்ணி நிக்குது! பூராவும் கறி விட்ட தண்ணி. இந்த இடத்துலதான் நிறைய வீட்டுல மசாலாவப் போட்டு, தண்ணிய ஊத்தி, மூடிய மூடிருறாங்க. நானும் அப்படித்தான் செஞ்சுக்கிட்டு இருந்தேன். கல்யாணமான புதுசுல ஒரு தடவ எட்டு விசில் விட்டு இறக்குனேன். கறி பூவா வெந்திருந்துச்சு, ஆனா வாயில போட்டா சப்புன்னு இருந்துச்சு. கறி தனியா குழம்பு தனியா நின்னுச்சு. எங்க அம்மாச்சி ஒரு வாய் சாப்பிட்டுட்டு, “கறிய அவிச்சுட்ட, வதக்கல”ன்னு சொன்னாங்க. அந்த ஒரு வார்த்தையில எனக்கு விஷயம் பிடிபட்டுருச்சு.

தண்ணி நிக்கிற வரைக்கும் சட்டிக்குள்ள சூடு 100 டிகிரியத் தாண்டாது. அதுவரைக்கும் கறி அவியத்தான் செய்யும். தண்ணி முழுசா வத்தி எண்ணெய் மட்டும் நின்னாத்தான் சூடு மேல ஏறும், கறியோட வெளிப்பக்கம் சிவக்கும். அந்தச் சிவப்புலதான் கறிவாசமே இருக்கு. அதனால நடுத்தீயில கிண்டிக்கிட்டே இருங்க. இருவது நிமிஷம் ஆகலாம், கறியப் பொறுத்து அரை மணி நேரமும் ஆகலாம்.

இப்பச் சத்தத்தக் கேளுங்க. முன்னாடி கொத கொதன்னு இருந்துச்சுல்ல? இப்பச் சடசடன்னு எண்ணெய்ச் சத்தம். ஓரத்துல எண்ணெய் பிரிஞ்சு நிக்குது, துண்டுங்க மேல பழுப்பு ஏறிருக்கு, அடியிலயும் லேசாப் பிடிக்குது. அதக் கரண்டியால சுரண்டி விடுங்க, ருசி அங்கயும் இருக்கு.

தக்காளி ரெண்டு, அது கரைஞ்சதும் அரைச்ச மசாலா. அஞ்சு நிமிஷம் பிரட்டுங்க. அப்புறம் சுடுதண்ணி, கறி மூழ்குற அளவுக்கு. பச்சத்தண்ணிய ஊத்தி இவ்வளவு நேரம் ஏத்துன சூட்டக் கெடுத்துராதீங்க. மூடி போட்டாச்சு. முதல் விசில் வந்ததும் தீயக் கம்மி பண்ணி பதினஞ்சு நிமிஷம். நான் விசிலு கணக்கு வச்சுக்கிறதில்ல, ஒவ்வொரு குக்கரும் ஒவ்வொரு மாதிரி கூவும். உள்ள 120 டிகிரி வரைக்கும் போகுது, ஜவ்வு கரையிறதுக்கு அந்தச் சூடும் நேரமும்தான் வேணும்.

நிறைய பேர் பாதியில திறந்து பாத்துட்டு, “ரப்பர் மாதிரி இருக்கு, கறிக்கடைக்காரர் ஏமாத்திட்டாரு”ன்னு வருத்தப்படுறாங்க. கறி முதல்ல இறுகும், அப்புறம்தான் இளகும். நீங்க திறந்தது இறுகுன நேரத்துல. இன்னும் ஏழெட்டு நிமிஷம் வச்சுப் பாருங்க, இளகிரும்.

ஆவி தானா அடங்கிருச்சு, திறக்குறேன். அடடா... எலும்புல இருந்து கறி கழண்டு வருது. இப்பத்தான் தேங்காய். தேங்காயக் குக்கர்ல விட்டிருந்தா திரிஞ்சு எண்ணெய் வேற சக்க வேறன்னு ஆகியிருக்கும், அதுக்குத்தான் தனியா அரைக்கச் சொன்னேன். பத்து நிமிஷம் சின்னத் தீயில கொதிச்சா மேல எண்ணெய் மிதந்து வரும். உப்பு பாத்துக்கங்க. மல்லித்தழை தூவி மூடி வச்சுருங்க, ஒரு அரை மணி நேரம் யாரையும் கிட்ட விடாதீங்க.

மத்தியானம் சுடுசோறு. மிச்சம் இருந்தா ராத்திரிக்கு இட்லி. நாளைக்குக் காலையில சுண்ட வச்சுத் தோசைக்கு ஊத்துனா, இன்னைக்கு இருக்குற ருசிய விட ஒருபடி கூடத்தான் இருக்கும்.

ரெண்டு நல்லியும் எங்க அப்பா தட்டுக்கு. வாசல்ல உக்காந்து பேப்பர் பாத்துக்கிட்டு இருக்காங்க, வாசத்துக்கு ரெண்டு தடவ உள்ள எட்டிப் பாத்துட்டாங்க. அப்பா, கை கழுவிட்டு வாங்க! கேமராவ அணைச்சுட்டு இலை போடப் போறேன், வர்றேங்க.