சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தால் எர்த் இருக்கிறதா? கார் ஷெட்டில் நடக்கும் திருட்டு வேலை

(திரையில்: மூன்று ஓட்டை சாக்கெட். மூடியைக் கழற்றினால் எர்த்துக்கான பச்சை வயரைக் காணோம்.)

இரண்டு அங்குலத்துக்கு ஒரு துண்டு வயர். சாக்கெட்டுக்குள் அதை மாட்டிவிட்டால், இதுவரை எர்த் (பழுதில் கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் வயர்) இல்லை என்று முரண்டு பிடித்த ஸ்கூட்டர் சார்ஜர் சட்டென்று பச்சை காட்டும். எலக்ட்ரீஷியனும் "ஆயிடுச்சு சார்" என்று பையை மூடிக்கொண்டு கிளம்பிவிடுவார். உங்கள் ஷெட்டில் இருப்பதிலேயே ஆபத்தான பொருள் அந்தத் துண்டு வயர்தான்.

வணக்கம் மக்களே. பெங்களூரில் 30-க்கு 40 சைட்டில் வீடு போக மிஞ்சிய இடத்தில் தகரம் போட்டால் அது கார் ஷெட். காக்ஸ் டவுன், ஃப்ரேசர் டவுன் பக்கம் பழைய வீடு என்றால் பின்னால் ஓர் அவுட் ஹவுஸ். இரண்டுக்கும் வீட்டிலிருந்து கரண்ட் கொண்டுபோகும் ஃபேஸ், அது திரும்பி வரும் நியூட்ரல் என்று இரண்டே வயர்தான் போகும். ஒரு பல்புக்கு எதற்கு எர்த்? அப்புறம் அதே இடத்துக்கு வாஷிங் மெஷின் வரும், சம்ப் மோட்டார் வரும். அவை எதுவும் எர்த் எங்கே என்று கேட்காது. மின்சார ஸ்கூட்டர் வந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது, ஏனென்றால் பல சார்ஜர்கள் எர்த்தைச் சோதித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும்.

உடனே நம் ஆள் என்ன செய்கிறார்? சாக்கெட்டின் நியூட்ரலையும் எர்த் பின்னையும் உள்ளேயே சேர்த்துவிடுகிறார். சார்ஜர் ஏமாந்துவிடும். நியூட்ரல் ஒழுங்காக இருக்கும் வரை ஒன்றும் தெரியாது. ஷெட்டுக்கு வரும் வழியில் எங்கோ ஒரு நியூட்ரல் ஜாயின்ட் மழையில் நனைந்தோ, எலி கடித்தோ விட்டுப்போனால்? மெஷினுக்குள் போன கரண்ட் திரும்பி வர வழியில்லாமல், அந்தத் துண்டு வயர் வழியாக மெஷினின் இரும்பு உடம்பில் ஏறி நிற்கும். ஈரத் தரை, வெறுங்கால், 230 வோல்ட்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. வீட்டில் நல்ல ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் சுவிட்ச்) இருந்தால், துண்டு வயர் போட்ட மெஷினின் உடம்பு ஈரத் தரையில் பட்டுக் கரண்ட் கசியும்போது அது விழலாம். அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது! அதற்குக் கிடைக்கும் பரிசு, "இந்த டப்பாவே சரியில்லை சார்" என்று அதைத் தாண்டி நேராக வயர் கொடுத்துவிடுவது.

சரி, அப்படியானால் ஒழுங்காகக் குழி வெட்டி எர்த் போட்டால் போதுமா? இந்த வீடியோவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், தயவுசெய்து ஓட்டிவிடாதீர்கள்.

ஷெட்டுக்கென்று தனி எர்த் போட்டாயிற்று, அளந்தால் 5 ஓம் (கரண்டுக்கு எவ்வளவு தடை என்ற அளவு, குறைந்தால் நல்லது). அருமையான அளவு. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் எர்த்தும் 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மெஷினுக்குள் ஃபேஸ் வயர் உடம்பில் பட்டுவிட்டது. கரண்ட் நம் குழியில் இறங்கி, மண் வழியாக டிரான்ஸ்ஃபார்மருக்குப் போக வேண்டும். மொத்தம் 10 ஓம். 230-ஐ 10-ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். டி.பி. பாக்ஸில், அதாவது சுவிட்ச் பெட்டியில் இருப்பது 16 ஆம்பியர் எம்.சி.பி. (அளவுக்கு மீறிக் கரண்ட் போனால் தானே விழும் சுவிட்ச்), சி வகை. அது உடனே விழ வேண்டுமானால் 5 முதல் 10 மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். 23 ஆம்பியருக்கு அது ஒரு மணி நேரம் ஆனாலும் விழாமல் நிற்கலாம். அவ்வளவு நேரமும் மெஷின் உடம்பில் 115 வோல்ட் (23 ஆம்பியர், நம் குழியின் 5 ஓம், பெருக்கிக்கொள்ளுங்கள்)!

நல்ல எர்த்துக்கே இந்தக் கதி. பெங்களூர் மண்ணில் 5 ஓம் சுலபமாக வருமா என்ன? லால்பாக்கில் கெம்பேகௌடா கோபுரம் நிற்கும் பாறையைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 300 கோடி ஆண்டு பழைய பாறை, தேசிய புவியியல் நினைவுச்சின்னம். ஊரின் பல இடங்களில் செம்மண்ணுக்குக் கீழே அதன் சொந்தக்காரர்கள்தான் படுத்திருக்கிறார்கள். பாறையும் காய்ந்த மண்ணும் கரண்டை லேசில் விடாது. குழி வெட்டுபவர் நாலடியில் "கல்லு சார்" என்று கடப்பாரையைப் போட்டால் அவரைத் திட்டாதீர்கள்.

இங்கேதான் ஆர்.சி.சி.பி. ஹீரோ. கல்யாணத்துக்குப் பஸ்ஸில் கூட்டிப்போன பெரியப்பா திரும்பும்போது தலை எண்ணுவார் பாருங்கள், அதே வேலை. ஃபேஸில் போன கரண்ட் முழுக்க நியூட்ரலில் திரும்பியதா என்று பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும் லைனை வெட்டிவிடும். மேலே 23 ஆம்பியர் கசிந்தும் எம்.சி.பி. சும்மா இருந்ததே, ஆர்.சி.சி.பி.க்கு அதில் எழுநூறில் ஒரு பங்குகூட அதிகம். ஆனால் அதிக லோடு இழுத்தால் இது தடுக்காது, அதனால் எம்.சி.பி.யும் கூடவே வேண்டும். ஷெட்டுக்கென்று ஒரு சின்ன டி.பி., அதில் இரண்டும். வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

ஷெட் வீட்டை ஒட்டியே இருந்தால், வீட்டு எர்த் நன்றாக இருக்கிறது என்று அளந்து பார்த்துவிட்டு, மூன்று கோர் கேபிளில் அதையே கொண்டுபோகலாம். தோட்டத்துக் கடைசியில் அவுட் ஹவுஸ் என்றால் தனிக் குழி நல்லது. அப்படித் தனியாகப் போட்டால், வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அங்கே இழுத்து வராதீர்கள். ஒரு கை வீட்டு எர்த்திலும் மறு கை ஷெட் எர்த்திலும் பட்டால், பழுது வந்த நேரத்தில் இரண்டுக்கும் நடுவே நீங்கள்தான் வயர்.

குழி பற்றிச் சுருக்கமாக: இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப், சுற்றி கரியும் உப்பும், கோடையில் தண்ணீர். உப்பு பைப்பை அரிக்கும் என்பதால் இப்போது எஸ்.பி. ரோட்டில் கெமிக்கல் எர்த்திங் என்று விற்பதை வாங்குகிறார்கள்.

கடைசியாக அந்த பல்பு வித்தை. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பல்பைப் பிடித்து, "எரியுது பாருங்க, எர்த் சூப்பர்" என்பார்கள். 9 வாட் எல்.இ.டி. பல்பு 0.1 ஆம்பியர்கூட இழுக்காது. எர்த் 100 ஓம் என்றாலும் அதில் இழப்பது 10 வோல்ட்டுக்குள்தான், பல்பு ஜோராக எரியும். அந்த 100 ஓமில் 16 ஆம்பியர் எம்.சி.பி. ஜென்மத்துக்கும் விழாது. அதனால் எர்த் டெஸ்டரும் இரண்டு கம்பியும் கொண்டுவந்து மண்ணில் அடித்து அளப்பவரைக் கூப்பிடுங்கள். நீங்களாக சாக்கெட்டைக் கழற்ற வேண்டாம்.

உங்கள் ஏரியாவையும் அவர் சொன்ன ஓம் அளவையும் கமெண்டில் போடுங்கள். ராமமூர்த்தி நகரில் 5-க்குக் கீழே வந்தவர்கள் கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொள்ளலாம்.