கூடம் நெஜமாவே கோணல்: கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்துக்காகப் பேசினது

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மாநகராட்சி உறுப்பினர் அவர்களே, விளையாட்டு ஆசிரியர் ஐயா அவர்களே, இந்த வயசுலயும் ஓல்டு டவுன்லேர்ந்து பஸ் ஏறி வந்திருக்குற நம்ம கிளப்போட முதல் விக்கெட் கீப்பர் பெரியவர் அவர்களே, எல்லாருக்கும் வணக்கம். பெரியவருக்கு ஒரு தடவ நல்லா கைதட்டுங்க.

மூணு விஷயம் பேசணும்னு வந்தேன். நம்ம கிரிக்கெட் கிளப் எப்படி வந்துச்சு, பாண்டிச்சேரியோட நமக்கு இருந்த போட்டி, அப்புறம் பொம்பளப் புள்ளைங்க டீம்.

வெள்ளக்காரன் 1690லயே நம்ம ஊரு தேவனாம்பட்டினம் கோட்டைய வாங்கிட்டான். மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846ல வந்துச்சு, ஆனா அது அவங்களுக்கு மட்டும். அந்த ரோஷத்துலதான் புச்சிபாபு நாயுடு 1888ல நம்மாளுங்களுக்காக மெட்ராஸ் யுனைடெட் கிளப்ப ஆரம்பிச்சாரு. நம்ம ஊர்ல அந்த மாதிரி பணக்காரர் யாரும் இல்ல. எங்கப்பாவும் கூட்டாளிங்களும் சந்தா போட்டு, பிச்சு மேல விரிக்கிற ஒரு தேங்கா நார் மேட் வாங்கினாங்க, 22 கெஜம், அதாவது 66 அடி, அதான் கிளப்போட மொத சொத்து.

ஒரு தடவ பாண்டிச்சேரி டீம் வர்றதுக்கு முந்தின நாள் ராத்திரி பேஞ்ச மழையில அந்த மேட் ஊறிப் போச்சு. தண்ணி குடிச்ச நாரு என்னா கனம் கனக்கும்! ஆறு பேரு சாமி தூக்குற மாதிரி தோள்ல வச்சுக் கொண்டுபோய் கெடிலம் பாலத்துக் கைப்பிடியில நீளமா காயப் போட்டாங்க. ஏட்டையா சைக்கிள்ல வந்தவரு, "ஏன்யா, பாலத்துக்கு வேட்டி கட்டி விட்டிருக்கீங்க?"ன்னு கேட்டாராம். விஷயத்த சொன்னதும் தொப்பியக் கழட்டி வச்சிட்டு, மேட் காயுற வரைக்கும் அவரே நின்னு மாட்டு வண்டிங்கள ஒதுக்கி விட்டாராம். ரெண்டு மணிக்குத்தான் ஆணி அடிச்சு ஆட்டம் ஆரம்பிச்சுது, பந்து எழும்பவே இல்ல, நம்ம கேப்டன் மேட்டத் திட்டினாரு, எங்கப்பா சொன்னாரு, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்". அன்னிக்கு ஜெயிச்சோம்.

வீட்ல எதுக்கெடுத்தாலும் அப்பா இதத்தான் சொல்லுவாரு. ஆனா இன்னிக்கு கூடம் நெஜமாவே கோணல், அத சொல்லத்தான் வந்தேன். மஞ்சக்குப்பம் மைதானத்துல பொருட்காட்சி, பொதுக்கூட்டம்னு பந்தக்கால் நட குழி நோண்டுறாங்க, முடிஞ்சதும் யாரும் மூடுறதில்ல. போன வருஷம் எங்கண்ணன் பையன் கேட்ச்சுக்கு ஓடி ஒரு குழியில கால விட்டான், கணுக்கால் எலும்பு முறிஞ்சு மூணு மாசம் கட்டோட கெடந்தான். அவனப் பாத்து ஆடத் தெரியாதவன்னு சொல்ல முடியுமா?

2018லேர்ந்து பாண்டிச்சேரி, மாநில டீமுங்க மோதுற ரஞ்சிக் கோப்பையில ஆடுது, நம்ம புள்ளைங்க அத டிவியில பாக்குதுங்க. நமக்குன்னு வேலி போட்டு ஒரு டர்ஃப் பிச், அதாவது புல்லுத் தரை பிச், குழி தோண்டுறவன்கிட்ட முன்பணம் வாங்கி, சமன் பண்ணின பெறகுதான் திருப்பிக் குடுக்கணும்னு ஒரு உத்தரவு, அவ்ளோதான் கேக்குறோம். உறுப்பினர் அவர்களே, இந்தக் கோணல நிமித்துறது உங்க கையில இருக்கு.

பொம்பளப் புள்ளைங்க டீம் பத்தி இன்னொரு நாள் பேசறேன், நேரமாச்சு. மேடைக்கு வலது பக்கம் அந்தப் பழைய மேட்டுல மிச்சமிருக்குற ஒரு துண்ட விரிச்சு, மேல மனு நோட்டு வச்சிருக்கோம். பெரியவர் மொதக் கையெழுத்துப் போடுவாரு, அவருக்குப் பின்னால வரிசையா வாங்க.