ஊரே சதுரங்கப் பலகையான நாட்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு விழாவை அதன் கருப்பொருளையொட்டி எப்படித் திட்டமிடுவது, எப்படி வடிவமைப்பது என்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பொதுவான இலக்கணம் சொல்வதைவிட, நம் கண்முன்னே நடந்த ஒரு விழாவை எடுத்துக்கொண்டு பேசுகிறேன். 2022-ஆம் ஆண்டு சென்னையிலும் மாமல்லபுரத்திலும் நடந்த 44-ஆவது செஸ் ஒலிம்பியாட்தான் அது; உலக நாடுகளின் அணிகள் மோதும் சதுரங்கப் போட்டி.

முதலில் அவகாசத்தைப் பாருங்கள். ரஷ்யாவில் நடக்கவிருந்த போட்டி அது. உக்ரைன் மீதான படையெடுப்புக்குப் பின் அங்கிருந்து மாற்றப்பட்டு, மார்ச் மாதத்தில் சென்னைக்கு உறுதியானது. ஜூலை 28 தொடக்க விழா. இடையில் இருந்தது நான்கு மாதங்களுக்குச் சற்று அதிகமான காலம் மட்டுமே. இந்தியாவில் அதற்கு முன் ஒலிம்பியாட் நடந்ததே இல்லை.

சதுரங்கத்தைக் கொண்டாடுவதில் ஒரு பெரிய இடைஞ்சல் உண்டு. கிரிக்கெட்டில் ஆரவாரம் இருக்கிறது. சதுரங்கத்திலோ இரண்டு பேர் மணிக்கணக்கில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். விதிகள் தெரியாத ஒருவரை எப்படி இதற்குள் அழைத்து வருவது? வடிவமைத்தவர்கள் ஆட்டத்தை விளக்கப் போகவில்லை. ஆட்டத்தின் உருவங்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்: கறுப்பு வெள்ளைக் கட்டம், குதிரை. ராணி, மந்திரி, கோட்டை என்று எல்லாவற்றையும் முன்னிறுத்தியிருந்தால் எதுவும் மனத்தில் நின்றிருக்காது.

அந்தக் குதிரைதான் ‘தம்பி’ ஆனது. வேட்டி, வெள்ளைச் சட்டை, கூப்பிய கைகள். உலகம் முழுவதும் தெரிந்த ஒரு காய், நம் வீட்டு வாசலில் நின்று வரவேற்கும் பிள்ளையாக மாறிவிட்டது. எனக்கு இந்த விழாவில் மிகவும் பிடித்த வடிவமைப்பு இதுதான். குழந்தைகள் அதன் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

கட்டங்கள் போய்ச் சேர்ந்த இடம் நேப்பியர் பாலம். 1869-இல் கூவத்தின் மீது கட்டப்பட்ட அந்தப் பாலத்தின் வளைவுகளும் பக்கச் சுவர்களும் சாலையும் கறுப்பு வெள்ளையாயின. கடற்கரைக்குப் போகிறவர், அலுவலகத்துக்குப் போகிறவர் எல்லோரும் கடந்தாக வேண்டிய இடம் அது. டிக்கெட் வாங்காத, போட்டி நடப்பதையே அறியாத ஒருவரும் அந்த நாட்களில் விழாவுக்குள் நடந்து சென்றார். ஆவின் பால் பாக்கெட்டிலும் ஒலிம்பியாட் சின்னம் வந்தது. அரங்குக்கு வராதவருக்கும் விழாவில் ஒரு பங்கு கொடுப்பதைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். சாலையில் வரைந்த கட்டங்கள் வண்டி ஓட்டுபவர்களின் கண்ணைத் தடுமாறச் செய்யும் என்று அப்போதே சிலர் கவலைப்பட்டார்கள். நியாயமான கவலை. வளைவுகளோடு நிறுத்தியிருக்கலாம் என்பது என் கருத்து.

கருப்பொருளுக்கு வேரும் வேண்டும். சதுரங்கத்தின் மிக உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டரை இந்தியாவில் முதலில் பெற்ற விசுவநாதன் ஆனந்த் சென்னைக்காரர். திருவாரூர் மாவட்டம் பூவனூரில் சிவபெருமான் சதுரங்க வல்லபநாதர் என்ற பெயரோடு இருக்கிறார். அரசன் மகளாகப் பிறந்த அம்பிகையைச் சதுரங்கத்தில் வென்று மணந்தார் என்பது தலபுராணம். தொடக்க விழாவில் பிரதமர் அந்தக் கோயிலைக் குறிப்பிட்டுப் பேசினார். இப்படி ஒரு கதை உங்கள் ஊரிலும் இருக்கும். அலங்காரத்துக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன் அதைத் தேடுங்கள்.

இந்த ஒலிம்பியாடில்தான் முதன்முதலாகச் சுடர் ஓட்டமும் தொடங்கியது. ஜூன் 19 அன்று டெல்லியில் புறப்பட்ட சுடர் 75 நகரங்களைச் சுற்றி வந்தது. காத்திருப்பதையே கொண்டாட்டமாக்கிய ஏற்பாடு அது.

இனி நான் மிகவும் மதிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். நேரு உள்விளையாட்டரங்கில் நடந்த தொடக்க விழாவில் ஒளி, இசை, நடனம், தமிழர் வரலாறு எல்லாம் நிறைந்திருந்தன. இளம் இசைக்கலைஞர் லிடியன் நாதஸ்வரம் ஒரே நேரத்தில் இரண்டு பியானோக்களை வாசித்தார். மறுநாள் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் ஆட்டம் தொடங்கியதும் அத்தனையும் ஒதுங்கிக்கொண்டன. பொதுப் பிரிவில் 188 அணிகள், பெண்கள் பிரிவில் 162 அணிகள். ஓர் அணிக்கு நான்கு பேர், ஒரு பலகைக்கு இரண்டு பேர் என்றால் ஒரே நேரத்தில் ஏறத்தாழ 700 பலகைகள். அங்கே வேண்டியவை நல்ல வெளிச்சம், சரியான இடைவெளி, குளிர்ச்சி, அமைதி. சென்னையின் இளம் வீரர் குகேஷ் தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்றது அப்படிப்பட்ட அமைதியில்தான். நிறைமாதக் கர்ப்பிணியான ஹரிகா துரோணவல்லி இந்தியப் பெண்கள் அணிக்காக ஆடி, அந்த அணி வெண்கலம் வென்றதும் அங்கேதான். விழாவின் மையத்தில் எது நடக்கிறதோ, அதன் மீது கருப்பொருளைப் பூசக் கூடாது. பள்ளி ஆண்டு விழாவில் மேடை அலங்காரம் குழந்தைகளின் முகத்தை மறைப்பதை எத்தனையோ முறை பார்த்து வருந்தியிருக்கிறேன்.

கடைசியாக ஒத்திகை. போட்டிக்குச் சில நாட்களுக்கு முன், அதே அரங்குகளில் முன்னோட்டப் போட்டி ஒன்று நடத்தினார்கள். வெறும் நாற்காலிகளை வைத்துப் பார்த்தால் வாசலில் நெரிசல் எங்கே வரும் என்று தெரியாது. உங்கள் விழா சிறியதாக இருந்தாலும் உறவினர்கள், அக்கம்பக்கத்தார் என ஐம்பது பேரை அழைத்து ஒருநாள் முன்னதாக உட்கார வையுங்கள். கடைசி வரிசையில் இருக்கும் பாட்டிக்கு மேடை தெரிகிறதா, ஒலிபெருக்கி கேட்கிறதா, குடிநீர் எட்டுகிறதா என்று அவரையே கேளுங்கள். திருத்திக்கொள்ள உங்கள் கையில் இன்னும் ஒரு நாள் இருக்கும். வணக்கம்.