குட்டியைக் கட்டினால் தாய் நிற்கும்

வணக்கம். ரேஸ் கோர்ஸ் சாலையில் சாப்பிடப் போகிற நமக்கு, அந்தப் பக்கம் உண்மையிலேயே குதிரைகள் ஓடியது நினைவுக்கு வருவதில்லை. பந்தயத்திடல் 1933இல் புக்கிட் தீமாவுக்குப் போனது, அப்புறம் கிராஞ்சிக்கு, 2024 அக்டோபர் 5ஆம் தேதியோடு சிங்கப்பூரில் குதிரைப் பந்தயமே முடிந்துவிட்டது. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டுதான் குதிரை மேய்க்கும் குலங்களைப் பற்றி ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாட்டின் பெயர் நெடும்புல். வரைபடத்தில் தேடாதீர்கள், முழுக்கக் கற்பனை.

முதலில் எழுதியதில் பக்கத்துக்குப் பக்கம் போர். படித்துப் பார்த்தால், இந்த ஜனங்கள் எதைச் சாப்பிட்டு உயிர் வாழ்கிறார்கள் என்பதே அதில் இல்லை. சரி என்று மங்கோலிய மேய்ப்பர்களைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தேன், அங்கேதான் கதை மாறியது.

கோடையில் அவர்கள் குதிரைக் குட்டிகளைப் பிடித்து, தரையோடு இழுத்துக் கட்டிய ஒரு நீளக் கயிற்றில் வரிசையாகக் கட்டிவிடுகிறார்கள். குட்டி இங்கே இருந்தால் தாய் தூரம் போகாது. முதலில் குட்டியை ஊட்டவிட்டு, பால் சுரந்ததும் ஒருவர் அதை விலக்கித் தாயின் பக்கத்திலேயே பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கறக்கிறார், நம் வீட்டில் கன்றை ஊட்டவிட்டுக் கறந்த அதே முறைதான். குதிரைக்கு மடி சிறியது, பால் அதிகம் தேங்காது, அதனால் பகலில் பல தடவை கறக்க வேண்டும். அந்தப் பாலைத் தோல்பையில் ஊற்றி மத்தால் இடித்து இடித்துப் புளிக்கவைத்தால் ஐராக் என்கிற பானம்.

குதிரைகளை அவர்கள் பெரும்பாலும் நிறத்தை வைத்தே அழைக்கிறார்கள். காங்கேயம் மாட்டை நாம் மயிலை, காரி, செவலை என்பதில்லையா? சங்க காலத்திலேயே வள்ளல் மலையமான் காரியின் குதிரைக்கும் காரி என்றுதானே பெயர்! என் குலங்களின் குதிரைகளுக்கும் அந்தப் பெயர்களையே வைத்துவிட்டேன்.

ஆனால் அங்கே பெரிய பகை குளிர்காலம். பனி இறுகிப் பாளமாகிவிட்டால் கால்நடைகளுக்குப் புல் எட்டாது. 2009-10 குளிரில் மங்கோலியாவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்துப்போயின. குதிரையாவது குளம்பால் பனியைக் கிளறி மேயும், அது கிளறிய இடத்தில் பின்னால் வரும் ஆடுகளும் மேயும்.

ஆகவே முதல் அத்தியாயத்தைத் திருப்பி எழுதினேன். ஒரு சிறுமி செவலைக் குட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அம்மா கறக்கிறாள். குளிர்காலத்துக்குப் பள்ளத்தாக்கில் இடம் கேட்க, அண்டைக் குலத்துக் கிழவர் கூடாரத்துக்குள் குனிந்து வருகிறார். கேட்க வந்ததை இன்னும் கேட்கவில்லை. நேராகத் தோல்பையிடம் போய், மத்தைப் பிடித்து இடிக்கத் தொடங்குகிறார்.